கடல் அறியாத ஊரும் கடற்கரைப் பயணமும்

நம் ஊருக்குக் கடல் இல்லை. சேத்துப்பட்டில் நின்று எத்திசை நோக்கினும் கண்ணிற்படுவன வயலும் ஏரிக்கரையும் பாறைக் குன்றுமே. ஆரணியைச் சூழ்ந்த ஊர்களில் தறிக்குழியில் கால் நுழைத்து, பாவும் ஊடையுமாக வாழ்நாளைக் கழித்த முதியவர்களுள், கடலை ஒரு முறையேனும் காணாதவர் இன்றும் உளர். ஆயினும் கடலோடு நமக்குள்ள உறவு சிறிதன்று. கந்தூரிக் காலத்தில் நாகூர் செல்லும் பேருந்துகளில் நம்மவர் அமர்ந்திருக்கின்றனர். லூர்து அன்னை ஆலயம் அமைந்த ஊராதலின், வேளாங்கண்ணிக்கு யாத்திரை செல்லும் அண்டை வீட்டாரும் நமக்கு உளர். அமாவாசைக்கு இராமேசுவரம் செல்வோர் இன்னொரு சாரார். இவையன்றி, ஆண்டுதோறும் பள்ளி கல்லூரிகளிலிருந்து மாமல்லபுரம், கன்னியாகுமரி, தனுஷ்கோடி எனக் கல்விச் சுற்றுலா புறப்படுகிறது.

கடலோரப் பேரிடர் குறித்துப் பேசும்போதெல்லாம் அது கடலோர மக்களின் கவலை என்றே நாம் கருதி வந்திருக்கிறோம். அது பாதி உண்மையே. கடலோரச் சுற்றுலாத் தலங்களில் உயிரிழப்போர் பலர் உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். கடலின் குணம் அறியாதவர்கள். ஆதலின் அத்தலங்களுக்கான பேரிடர் ஆயத்தத்தில் ஒரு பாதி, கடலைக் காணாத நம்மைப் போன்ற ஊர்களிலேயே நடைபெற வேண்டும் என்பது என் கருத்து. இதனை நூலறிவால் மட்டும் எழுதவில்லை. எழுதுவதற்கு எனக்கு ஒரு கடனும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற ஆசிரியர் குழுவில் நானும் ஒருவன். எங்கள் ஆயத்தம் குறைவற்றது என்றே எண்ணியிருந்தோம். உணவுக்கு ஒருவர், பேருந்துக்கு ஒருவர் எனப் பொறுப்பைப் பிரித்துக்கொண்டோம். தொழுகைக்கு எங்கெங்கே நிறுத்துவது என்று குறித்துக்கொண்டோம். மாணவியர்க்குத் துணையாகப் பேராசிரியைகள் இருவர் வந்தனர். வாந்திக்கு எலுமிச்சம்பழம் வரையில் பட்டியலில் இருந்தது. கடலைப் பற்றி மட்டும் அப்பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

ஊர்ப் பெயர் வேண்டா. எந்தக் கடற்கரையிலும் நிகழக்கூடியதே அது. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர், இடுப்பளவு நீரில் நின்றவர் ஒரு கணத்தில் தோளளவு நீரில் இருந்தார். மறுகணம் தலை மட்டுமே தெரிந்தது. கரையை நோக்கி அவர் நீந்த நீந்தத் தொலைவு கூடியது. நான் கரையில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் இருவர் படகைத் தள்ளிக்கொண்டு போய் அவரை மீட்டுக் கொணர்ந்தனர். அவருள் முதியவர் என்னிடம் சொன்னது இன்றும் காதில் ஒலிக்கிறது: "நீச்சல் தெரியாதவன் முழங்கால் தண்ணியில நின்னுக்குவான் சார். தெரிஞ்சவன்தான் முதல்ல போவான்."

திரும்பும் வழியில் பேருந்தில் மும்முறை தலை எண்ணினேன். செய்தி ஊரில் பரவியது. இனிமேல் கடற்கரைப் பக்கமே வேண்டாம், ஏற்காட்டுக்கோ சவ்வாது மலைக்கோ அழைத்துச் செல்லுங்கள் என்று பெரியோர் சிலர் கூறினர். மாணவியரையாவது அனுப்ப வேண்டாம் என்றனர் வேறு சிலர். அவர்தம் அச்சம் நியாயமானது. ஆனால் முடிவு நியாயமானதன்று என்று என் உள்ளம் கூறிற்று. அன்று நான் வாய் திறக்கவில்லை. குற்றமுள்ளவன் எங்ஙனம் வாதிடுவது? அன்று சொல்லாத விடையையே இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

தமிழிலக்கியம் பயில்வோர்க்குக் கடற்கரைச் சுற்றுலா புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை காட்டுவது என்ன? இந்திர விழா முடியும் தறுவாயில் புகார் நகர மக்கள் கடலாடச் செல்கின்றனர்; கோவலனும் மாதவியும் செல்கின்றனர்; நெய்தற் கரை முழுதும் விழாக் கூட்டம். அதே புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. மகனை இழந்த துயரில் சோழன் இந்திர விழாவை மறந்தான், அதனால் கடல் பொங்கியது என்பது அக்காப்பியம் தரும் காரணம். இறையனார் களவியல் உரையோ முதற்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த நகரங்கள் கடல்கொள்ளப்பட்டன என்கிறது. 'கடல்கோள்' என்ற சொல்லே நம்மிடம் உண்டு. ஆயினும் 2004இல் ஊழிப்பேரலை வந்தபோது அதற்குப் பெயர் தேடிச் சப்பானிய மொழியிடம் கையேந்தினோம். 'சுனாமி' என்பது இன்று சிற்றூர்க் குழந்தைக்கும் தெரிந்த சொல். கடல்கோள் தேர்வுக்குரிய சொல்லாக நின்றுவிட்டது.

சொல்லை இழந்ததுகூடப் பெரிதன்று. கடல்கோளை நாம் நம் தொன்மைக்குச் சான்றாக, பெருமையாகவே பேசி வந்தோம். மேடைதோறும் குமரிக்கண்டம் பேசிய நமக்கு, கடல் பின்வாங்கினால் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்ற ஒரு வரிச் செய்தி வழிவழியாகக் கிட்டவில்லை. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவினர்க்கு அது கிட்டியிருந்தது. 1907இல் அத்தீவைப் பேரலை அழித்தது. உயிர் பிழைத்தோர் அதனைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகட்குச் சொல்லி வைத்தனர்: நிலம் பலமாக நடுங்கிக் கடல் வற்றினால் நில்லாதே, மலைக்கு ஓடு. அவ்வலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்மோங்'. 2004 டிசம்பரில் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அதுவே. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் எனப் பதிவாகியுள்ளது. அங்கு எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை, பாட்டிமார் இருந்தனர்.

இனி, நம் கரையில் நிகழ்ந்ததைக் காண்போம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா தீவை ஒட்டிக் கடலடியில் நிலம் பிளந்தபோது இந்திய நேரம் காலை 6.29. தமிழகக் கரையை அலை தொட்டபோது ஒன்பதை நெருங்கியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒருவர் நடந்தே பல கிலோமீட்டர் உள்ளே சென்றிருக்க இயலும். எவரும் செல்லவில்லை, எவர்க்கும் தெரியாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவருள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும்.

கிறித்துமசுக்கு மறுநாளாதலின் வேளாங்கண்ணியில் வெளியூர்ப் பயணியர் திரண்டிருந்தனர். கடலைக் கண்டிராத ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் கரையில் நின்றிருந்தனர். நூற்றுக்கணக்கானோர் அங்கே மாண்டனர். பலரது உடல்கள் அடையாளம் காணப்படாமலேயே ஒருங்கே புதைக்கப்பட்டன. இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மீனவச் சிற்றூரில் ஒருவர் காணாமற்போனால் அண்டை வீட்டார் சொல்வர். ஊர்ப் பஞ்சாயத்தார் கணக்கிடுவர். வெளியூரிலிருந்து வந்த பயணி எந்தக் கணக்கிலும் இல்லை. அவர் அங்கே இருந்தார் என்பதை அறிந்த குடும்பத்தாரும் அவரோடு போய்விட்டால், அவரைத் தேடிவர யார் உளர்? நாகூரிலும் இறந்தோரை மதம் பாராது அடக்கம் செய்ய தர்கா இடமளித்தது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றிலுமுள்ள மீனவர் குப்பங்களுக்கு நாள்கணக்கில் உணவளித்தனர். இவை நம் சமுதாயம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்கவை. ஆனால் அவை இடருக்குப் பின் செய்த தொண்டு. பின் செய்வதில் நாம் என்றும் குறைந்ததில்லை. முன் செய்வதே நமக்குப் பழக்கமில்லை.

அதே காலைப்பொழுதில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்தது வேறு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு ஓர் அறிவு மையம் அமைத்து, அலையின் உயரமும் காற்றின் போக்கும் மீனவர்க்கு அறிவிக்க ஒலிபெருக்கி வைத்திருந்தது. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். உடனே ஒலிபெருக்கி வழியே ஊர் எச்சரிக்கப்பட்டது, மக்கள் வெளியேறினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்ச்சேதம் இல்லை. ஒலிபெருக்கி இல்லாத திருத்தலம், விழாத்தலம் தமிழ்நாட்டில் எங்கேனும் உண்டா? கருவி அன்று எங்கும் இருந்தது; செய்திதான் இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். செய்தி உண்டு, கேட்கும் செவி இல்லை. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. இந்தியப் பெருங்கடலில் பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தால் சில நிமிடங்களில் அறிவிப்பு வெளிவருகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவுள்ள நடுக்கம் நேர்ந்தபோது நம் கரையெங்கும் எச்சரிக்கை வந்தது. நல்வேளையாகப் பேரலை எழவில்லை. அதே நிறுவனம் அலையுயர்வு, கடற்சீற்றம் பற்றியும் நாள்தோறும் முன்னறிவிப்பு வழங்குகிறது. மீனவர் அதனைக் கேட்டே கடலுக்குச் செல்கின்றனர். சுற்றுலாப் பேருந்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வரும் நம் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்வது?

இதன் விளைவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். நண்பர் இல்லத் திருமண நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் அவர்கள். கடற்சீற்றம் குறித்த எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. வானம் தெளிவாக இருக்கும், உள்ளூரில் புயலும் இராது, மழையும் இராது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென்கோடிக் கடலில் வீசிய புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து திடீரென உயரும். கேரள மீனவர் இதற்கிட்ட பெயர் 'கள்ளக்கடல்'. திருடனைப் போல் ஓசையின்றி வருவதால் அப்பெயர். இன்று உலக அறிவியலாரும் அச்சொல்லையே கையாளுகின்றனர். மருத்துவம் பயின்றவர்கள், அறிவிற் குறைந்தவர்களல்லர். கடலின் மொழி அவர்தம் பாடத்தில் இல்லை, அவ்வளவே. அவர்களின் பெற்றோரை நினைக்கையில் என் மாணவரின் தாயார் முகம் வந்து நிற்கிறது.

அம்மொழியின் சில எழுத்துகளை இங்கே சொல்லி வைப்பது தகும். நம் மாணவரை இழுத்தது பேரலையன்று. கரையிலிருந்து கடல்நோக்கிப் பாயும் நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொணர்ந்து கொட்டும் நீர் எங்கேனும் ஒரு குறுகிய வாய்க்கால் வழியே கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அவ்வாய்க்கால் உள்ள இடத்தில் அலை அதிகம் உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவே சற்றுக் கருத்து அமைதியாகத் தோன்றும். ஏரி கண்ட கண்ணுக்கு அந்த அமைதியே பாதுகாப்பாகப் படும். நம்மவர் இறங்குவது அங்கேதான்! இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி நீந்தலாகாது. எந்த நீச்சல் வீரனும் அதனோடு போராடிக் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அவ்வாய்க்காலின் அகலத்தைக் கடந்தபின், அலையோடு கரை சேர வேண்டும். நீந்த இயலாவிடில் மிதந்தபடி கையுயர்த்தி உதவி கேட்க வேண்டும். அவரைக் காப்பாற்ற மற்றவர் பின்னே குதிப்பதுதான் ஒருவர் சாவை ஐவர் சாவாக்குகிறது. கயிறோ மிதக்கும் பொருளோ எறிவதே முறை. இவ்வளவும் சொல்ல ஒரு பாடவேளை போதும். அந்த ஒரு பாடவேளையை நான் ஒதுக்கவில்லை.

ஒரு பாடவேளை என்ன செய்யும் என்று ஐயுறுவோர் உண்டு. 2004இல் தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துக் கொதிப்பதுபோல் இருந்ததைக் கண்டு, சில வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். அக்கடற்கரையில் இருந்தோர் வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினர். அவளும் ஒரு சுற்றுலாப் பயணியே.

படகுச் சவாரியைப் பற்றியும் கூற வேண்டும். 2011 டிசம்பர் 25இல் பழவேற்காட்டில் சுற்றுலா வந்த உறவினர் குழு ஒன்று படகு கவிழ்ந்ததில் 22 பேரை இழந்தது. 2023 மே 7இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் தானூரில், தூவல் தீரம் கடற்கரையருகே உல்லாசப் படகு கவிழ்ந்து மாண்டவரும் 22 பேர். அவருள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர் பதினொருவர். மீன்பிடிப் படகை உருமாற்றி, அளவுக்கு மிஞ்சி ஆளேற்றி, மாலை மங்கிய பின் ஓட்டினர். இவ்விரண்டிலும் ஆழிப்பேரலை இல்லை, புயல் இல்லை. மிதவைச் சட்டை அணிவிக்காத படகில் ஏறமாட்டேன் என்று ஒரு பயணி மறுத்திருந்தால் போதும். "எல்லோரும் ஏறுகிறார்கள், நமக்கென்ன" என்பதே அங்கே ஏறியவர்களின் எண்ணமாக இருந்திருக்கும். நாமும் அங்ஙனமே ஏறியிருப்போம். கடற்கரையின் இடர் கடலிலிருந்து மட்டுமே வருவதும் அன்று. 2024 அக்டோபர் 6இல் சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் காணத் திரண்ட பெருங்கூட்டத்தில், வெயில் தாளாமல் வீழ்ந்தோருள் ஐவர் இறந்தனர்.

தனுஷ்கோடிக்கு வருவோம். நம் மாணவர் ஆண்டுதோறும் முதலில் கேட்கும் இடம் அதுவே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலும் கடற்பெருக்கும் அத்துறைமுக நகரை அழித்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணியர் தொடர்வண்டி, நிலையத்தை அடையுமுன் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அதன்பின் மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு கைவிட்ட மண் அது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை அமைந்தது. இருபுறமும் கடல், நடுவே ஒரே சாலை, போக அதுதான், மீள அதுதான். இடிந்த தேவாலயச் சுவரருகே நின்று பேருந்து பேருந்தாக வந்த மக்கள் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். வாழத் தகாத இடம் வந்து மகிழத் தக்க இடமாயிற்று. அதில் தவறில்லை, நானும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டவன்தான். ஆனால் அச்சாலையில் ஒரே வேளையில் எத்தனை வண்டிகள் உள்ளன, கடல் சீறினால் அவற்றை எந்த வரிசையில் வெளியேற்றுவது என்னும் கணக்கு அங்கு நிற்கும் ஒவ்வொரு காவலர் கையிலும் இருத்தல் வேண்டும். வாழ்வோர்க்குத் தகாத இடத்துக்கு வருவோரை விடும் அரசுக்கு, வாழ்வோர் ஊரைக் காப்பதினும் மிகுந்த கடமை உண்டு.

இது இயலாத செயலன்று. ஒடிசாவில் வெங்கட்ராய்பூர், நோலியா சாகி என்னும் இரு கடலோர ஊர்களை யுனெஸ்கோ 2020இல் ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள் என ஏற்றது. வெளியேறும் வழி குறித்த பலகை, வரைபடம், ஒத்திகை எல்லாம் அங்கு உண்டு. சென்னையை அடுத்த கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. உயிர்காப்பாளர் இன்றி அச்சான்று கிடைப்பதில்லை. சான்று பெற்ற ஒரு துண்டுக் கரையில் இயல்வது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் நம் கரையின் பிற தலங்களில் ஏன் இயலாது? விடுதி அறைகளில் கட்டண அட்டை தொங்குகிறது. மேடான இடம் எப்பக்கம், எவ்வளவு தொலைவு என்ற அட்டை தொங்கக் கண்டதில்லை. ஒத்திகை நடக்கும்போது ஊர் மக்களை மட்டும் ஓடச் சொல்கின்றனர். அன்று விடுதியில் தங்கியிருக்கும் பயணியையும் சேர்த்து ஓடச் சொல்வதே முழுமையான ஒத்திகையாகும். என்னைக் கேட்டால், எல்லாச் சுற்றுலாக் கரைகளிலும் உள்ளூர் மீனவ இளைஞர்களையே உயிர்காப்பாளராக ஊதியத்துக்கு அமர்த்த வேண்டும். அன்று நம் மாணவரை மீட்டவர்கள் ஒரு தேநீருக்குமேல் எதையும் வாங்க மறுத்தனர். அத்தகைய பெருந்தன்மையை நம்பியே ஒரு மாநிலம் சுற்றுலா நடத்துவது முறையன்று.

அரசு செய்யும் வரையில் நாம் காத்திருப்பதா? நம் நெசவாளி காத்திருப்பதில்லை. ஐப்பசி மழை இறங்கினால் தறிக்குழியில் நீர் ஊறும், பாவு பாழாகும் என்பது அவருக்குத் தெரியும். கரை உயர்த்துவதும் பட்டைப் பத்திரப்படுத்துவதும் மழைக்கு முன்னரே நடந்துவிடும். பட்டு நூலுக்குக் காட்டும் முன்யோசனையைப் பிள்ளைகளின் உயிருக்கும் காட்டச் சொல்கிறேன். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாம் இறைவன் நாட்டம், வருவது வந்தே தீரும்" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கூறினார். அவர் மீது எனக்கு மிக்க மரியாதை உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியை அவர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதை எனக்குச் சிறுவயதில் கற்பித்தவரே அவர்தாம். "இப்படியெல்லாம் சொன்னால் பெற்றோர் அஞ்சிப் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள்" என்பது இன்னொரு தடை. இதுதான் என்னை மிகவும் வருத்துவது. அன்று கடலில் இறங்கித் தவறியவர் மாணவர், தண்டனை மாணவியர்க்கா? தறிக்குழியருகே பிறந்து, இளங்கலை வந்த பின் முதன்முறையாகக் கடலைக் கண்டு ஒரு சொல்லும் பேசாது அரை மணி நேரம் நின்ற மாணவியை நான் கண்டிருக்கிறேன். நெய்தல் திணையை நான் பத்து வகுப்புகளில் நடத்தியும் விளங்காதது அவருக்கு அன்று விளங்கியது. கடலை மறைத்து வைத்து நாம் எவரையும் காப்பாற்றவில்லை. இன்று நாம் அழைத்துச் செல்லாத பிள்ளை நாளை திருமணமாகிக் குடும்பத்தோடு அதே கரைக்குப் போகும். கையில் தன் குழந்தையோடு, கடலைப் பற்றி ஒன்றுமறியாமல்.

இவ்வாண்டுப் பயணத்துக்கான ஏற்பாட்டுக் கூட்டத்தில் நான் சில வேண்டுகோள்களை வைத்தேன். பயணியர் பெயர்ப் பட்டியலின் இரண்டாம் படி கல்லூரி அலுவலகத்தில் இருக்கும். எந்நாள் எவ்வூர், எவ்விடுதி என்பது அதில் இருக்கும். புறப்படும் நாளும், கடற்கரையில் இறங்கும் ஒவ்வொரு காலையும், கடல்நிலை அறிவிப்பைப் பார்க்கும் பொறுப்பு ஓர் ஆசிரியர்க்கும் ஒரு மாணவர்க்கும் தரப்படும். எச்சரிக்கை இருந்தால் அன்று கடற்கரை இல்லை, கோயிலோ அருங்காட்சியகமோதான். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்கள் ஒவ்வொருவர் அடையாள அட்டையின் பின்புறமும் எழுதப்படும். முழங்காலுக்கு மேல் நீரில் எவரும் இறங்கார், ஆசிரியரும் இறங்கார். பேருந்துக்கு முன்பணம் கொடுக்குமுன் ஒரு பாடவேளை கடல் வகுப்பு. அதற்குப் பெற்றோரும் வரலாம் என்று அறிவித்தோம்.

வகுப்புக்கு எதிர்பார்த்ததை விடக் கூட்டம் வந்தது. கரும்பலகையில் அலையும் வாய்க்காலும் வரைந்து காட்டினேன். நிலம் நிற்க இயலாதபடி நடுங்குதல், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குதல், கடற்பக்கமிருந்து பேரிரைச்சல் எழுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பொருளை எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கோ உறுதியான உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடிக்கோ செல்ல வேண்டும் என்றும், முதல் அலை வடிந்தபின் இறங்கிவிடக் கூடாது, பின்வரும் அலை அதனினும் பெரிதாகலாம் என்றும் சொன்னேன். பின் வரிசையில், நெசவு வேலையை இடையில் நிறுத்திவிட்டு வந்திருந்த தாய் ஒருவர் எழுந்தார்.

"சார், கடல் உள்ள போச்சுன்னா ஓடணும்னு சொல்றீங்க. எம் பொண்ணு இதுவரைக்கும் கடலைப் பார்த்ததே இல்ல. எது வழக்கமான தண்ணி, எது உள்ள போன தண்ணின்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் விடை இல்லை. கரையில் இறங்கியதும் முதல் வேலையாக உள்ளூர் மீனவர் ஒருவரைக் கண்டு, இன்றைய கடல் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் முன்னிலையில் கேட்பது என முடிவு செய்தோம். பட்டியலில் அதுவும் ஒரு வரியாக ஏறியது. அந்த மாணவி பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.